நர்கிஸ் பார்க்காத கடல்

அத்தியாயம் 11

செவ்வாய்க்கிழமை காலையில் நர்கிஸ் பற்றவைக்காத அடுப்பின் மேல் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கட்டும் என்று கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

மகள் சுஹைர்தான் வந்து தீக்குச்சியைக் கிழித்தாள். அம்மாவுக்கு ஊருக்குப் போகும் நினைப்பு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டாள். ஒரு மாதமாகவே அந்த வீட்டில் வேறு நினைப்பு கிடையாது.

சுஹைரின் அப்பா ஹிஷ்மத்துக்கு நைல் கரையில் உள்ள மல்லவி ரயில் நிலையத்தில் கைகாட்டி இயக்கும் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் போய்வர ரயில்வே பாஸ் உண்டு. இருபத்துநான்கு வருஷமாக அது நர்கிஸின் அக்கா வீட்டுக்கும், யாராவது செத்துப்போன வீட்டுக்கும், கல்யாண வீட்டுக்குமே சரியாகப் போயிற்று. இந்தக் கோடையில்தான் முதன்முதலாக அதில் அலெக்சாந்திரியா என்று எழுதி வாங்கினார்கள். குளிர்காலத்தில் சுஹைருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தெற்குக் கோடியில் இருக்கும் அஸ்வானில் வேலை. மூன்று பேரும் ஒன்றாக இருக்கப்போகும் கடைசிக் கோடை இது.

ஸ்டேஷன் மாஸ்டரின் மைத்துனர் மூலமாக அலெக்சாந்திரியாவின் சீதி பிஷ்ர் பகுதியில், கடலிலிருந்து மூன்றாவது வரிசையில், பத்து நாளுக்கு ஒரு வீடு பேசியாயிற்று. வியாழக்கிழமை காலை ரயில்.

அந்தப் பத்து நாளையும் நர்கிஸ் ஏற்கெனவே பலமுறை வாழ்ந்து முடித்திருந்தாள். பாத்திரம் துலக்கும்போது ஒரு தடவை, மாவு பிசையும்போது ஒரு தடவை.

முதல் நாள் கடைவீதி கிடையாது, கோட்டை கிடையாது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நேராகக் கடலுக்குப் போய் மூன்று பேரும் வரிசையாக உட்கார வேண்டும். அவள் நடுவில். யாரும் எதுவும் பேசக் கூடாது. இரண்டாம் நாள் காயித்பாய் கோட்டை. சுஹைரின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தின் படம் இருந்தது. அது இடிந்த கல்லைக் கொண்டுதான் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்று மகள் படித்துச் சொன்ன நாளிலிருந்து, அந்தக் கல்லில் ஒன்றையாவது உள்ளங்கையால் தொட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மூன்றாம் நாள் அபுல் அப்பாஸ் பள்ளிவாசல், அங்கிருந்து மீன் சாப்பாட்டுக்கு. நான்காம் நாள் டிராம் வண்டியின் மாடியில் ஏறி, முதலிலிருந்து கடைசி வரை போய், இறங்காமலே திரும்பி வருவது.

ஆறாம் நாளுக்கு மட்டும் அவள் எதையும் வைக்கவில்லை. கடல் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றும் செய்யாமல் கிடந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக.

இதெல்லாம் திங்கட்கிழமை மாலை வரைக்கும்.

திங்கட்கிழமை மாலை சுஹைர் அம்மாவுக்காகக் கடலில் இறங்கும் அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கும் கனத்த பருத்தி. தண்ணீரில் அது மேலே எழும்பிவிடும், ஓரத்தை மூன்று மடிப்பாகத் தை என்று பக்கத்து வீட்டு மர்த்தா சொல்லியிருந்தாள். ஹிஷ்மத் தரையில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார். அலைக்குள் நிற்கும்போது கால் எப்படி இருக்கும், இழுக்குமா, வலிக்குமா என்று நர்கிஸ் பொதுவாகக் கேட்டாள். மகளைத்தான் கேட்டாளோ, யாரையும் கேட்கவில்லையோ.

பதில் சொன்னது ஹிஷ்மத்.

"வர்றப்ப ஒண்ணும் தெரியாது. அலை திரும்பிப் போகும் பாரு, அப்பதான். குதிகாலுக்கு அடியில இருக்கற மணலை உருவிக்கிட்டுப் போகும். நாமதான் பின்னால நகர்ற மாதிரி இருக்கும். பயப்படாம நின்னா போதும்."

சொல்லிவிட்டு விதையைத் துப்பினார். சுஹைர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. நர்கிஸின் கை மட்டும் தர்பூசணித் தட்டின் மேல் அப்படியே நின்றது.

ஏனென்றால் ஹிஷ்மத் கடலைப் பார்த்ததே கிடையாது.

அது அவர்கள் கல்யாணத்தைப் போலவே பழைய விஷயம். கல்யாணமான மூன்றாம் நாள், கிழக்குக் கரையில் இருந்த அவள் அப்பா வீட்டு விருந்துக்குப் படகில் நைலைக் கடந்தபோது, கடலைப் பார்த்திருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். கணவனிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அவர் இல்லையென்று தலையாட்டினார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அக்காவின் கணவர் கடலைப் பார்த்தவர். அதை விலைக்கு வாங்கி வந்ததுபோல் பேசுவார். நமக்கு அப்படி இல்லை, ஒரே நாளில் சேர்ந்து பார்ப்போம் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். பிறகு பிள்ளைப்பேறு, நோய், சாவு, கையில் காசில்லாத வருஷங்கள், விலைவாசி என்று எத்தனையோ வந்து போயின. அந்த முடிவு மட்டும் கலையவில்லை.

யாராவது சொல்லிக் கேட்டிருப்பார் என்று இரவெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரயில்வேக்காரர்கள் ஆயிரம் பேரோடு பழகுகிறவர்கள்.

காலையில் அவர் வேலைக்குப் போனதும் மர்த்தாவின் வீட்டுக்குப் போனாள்.

மர்த்தா இரண்டு வருஷத்துக்கு முன் மகனோடு அலெக்சாந்திரியா போய்வந்தவள். அதிலிருந்து அந்தத் தெருவில் கடல் சம்பந்தமான எல்லாத் தீர்ப்பும் அவளுடையது. உப்புப் பாலாடைக்கட்டி கொண்டுபோகாதே, தாகம் எடுக்கும் என்பாள். கரையில் விற்கிற தேன் அப்பளத்தைக் காற்றுக்கு எதிராக நின்று தின்னாதே, முகமெல்லாம் ஒட்டும் என்பாள். நர்கிஸ் உள்ளே வந்ததும், அரிசி எடுத்துவைத்தாயா, ஸ்டவ்வுக்குத் திரி வாங்கினாயா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தாள்.

நர்கிஸ் எதற்கும் பதில் சொல்லாமல், அலை திரும்பும்போது காலடியில் மணல் நழுவுமா என்று கேட்டாள்.

மர்த்தாவின் முகம் மலர்ந்தது. "உனக்கு யாரு சொன்னது? அது நின்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். எங்க வீட்டுக்காரர்கிட்ட பத்து தடவை சொல்லியிருப்பேன். மாடு மாதிரி தலையாட்டினாரே தவிர, ஒரு எழுத்து புரியல அவருக்கு."

நர்கிஸ் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரொட்டியும் மூலுகிய்யாக் கீரைக் குழம்பும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கட்டினாள். அப்பா சாப்பாடு எடுத்துக்கொண்டுதானே போனார் என்றாள் சுஹைர். மறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு நர்கிஸ் கறுப்புத் துணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஜூலை வெயில். கால்வாயில் எருமைகள் மூக்கு மட்டும் தெரிய முழுகிக் கிடந்தன. வெயிலில் வெள்ளையாக மின்னிய அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எத்தனையோ நாள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இதன் எதிர்க்கரையை அழித்துக் கடலாக்கிப் பார்க்கப் பழகியிருந்தாள். இன்று கரை அழியவில்லை.

ஹிஷ்மத்தின் கேபின் நடைமேடையைத் தாண்டி, தண்டவாளங்கள் பிரியும் இடத்தில், மாடியாக நின்றது. அந்த இரும்புப் படியில் அவள் இதற்கு முன் ஏறியதில்லை. கதவில் நிழல் விழுந்ததும் ஹிஷ்மத் திரும்பிப் பார்த்து, சுஹைருக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டார்.

அவளுக்கு ஒன்றுமில்லை என்று நர்கிஸ் பாத்திரத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அங்கே காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு பிரிக்காமல் இருந்தது. இரண்டு பாத்திரமும் அருகருகே நின்றன.

"ஹிஷ்மத்," என்றாள்.

நாலு பேர் முன்னால் அபூ சுஹைர், அதாவது சுஹைரின் அப்பா, என்பாள். வீட்டில் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். அவர் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் அவர் கேட்டார்.

"நீங்க கடலைப் பார்த்திருக்கீங்க."

அவர் மறுக்கவில்லை. "நேத்து சொல்லி முடிச்சதுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு," என்றார். "நீ தூங்கலங்கறதும் தெரியும்."

ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதை அவளுக்கு இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவர் கைகாட்டி லீவர்களின் மேல் கை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம். கைகாட்டி வேலை பழக அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பினார்கள். நாற்பது நாள். பஹரி என்ற பகுதியில், மீன்படகு கட்டும் கரைக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை. பகலெல்லாம் மணி அடிப்பதும் லீவர் இழுப்பதும். மாலை ஆனதும் கடலுக்குப் போய்விடுவார். நாற்பது மாலையும் போனார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"அந்தப் படகுல நீ கேட்டே. பார்த்திருக்கேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீயே, 'நீங்களும் பார்த்திருக்க மாட்டீங்க, அப்படித்தானே'ன்னே. உன் முகம் அப்படி இருந்தது. இல்லன்னு தலையாட்டிட்டேன். அதுக்கப்புறம் அதைத் திருத்த ஒரு நல்ல நாள் எனக்குக் கிடைக்கவே இல்ல."

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது தெரிந்துபோகும் என்றுதான் ஒவ்வொரு கோடையும் பாஸை வேறு ஊருக்கு எழுதினாரா என்று அவள் கேட்டாள். சில வருஷம் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். எல்லா வருஷமும் இல்லை என்றார்.

நர்கிஸ் அழவில்லை. குரலும் உயரவில்லை.

"ராத்திரியில கடல் சத்தம் போடுமான்னு மீன் விக்கறவனைக் கேட்டேன். பட்டாளத்துல இருந்து வந்த அக்கா மவனைக் கேட்டேன். பல் பிடுங்க வந்த டாக்டரைக்கூட கேட்டேன், ரத்தம் வழியற வாயோட. ஊர் பூரா கேட்டேனே. நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? இருபத்துநாலு வருஷமா ஒரு கடலை உள்ளே வெச்சிக்கிட்டு, எனக்கு ஒரு கை அள்ளிக் குடுக்கணும்னு தோணலியா?"

ஹிஷ்மத் லீவரின் பிடியைத் துணியால் துடைத்தார்.

அவள் வாசலுக்குப் போனாள். படியில் இறங்கப் போனவள் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"அந்த நாப்பது சாயங்காலமும்... தனியாவா போனீங்க?"

சுவரில் இருந்த மணி அடித்தது. தெற்கே அடுத்த ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

ஹிஷ்மத் பதில் மணி அடித்தார். ஒரு லீவரை இழுத்துப் பூட்டினார், அடுத்ததை இழுத்தார். தூரத்தில் கைகாட்டி இறங்கியது. கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அது இருபத்தைந்து வருஷமாகத் தானே வேலை செய்யும் கை. நர்கிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றாள். கேபின் அதிரத் தொடங்கியது. வடக்கே போகும் வண்டி, பெட்டிகளின் நெற்றியில் அலெக்சாந்திரியா என்று எழுதிக்கொண்டு, புழுதியும் வெப்பமும் வீசி, அவள் கண்ணுக்கு நேராக ஓடியது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். ஒரு பெண் தூங்கும் குழந்தையின் மேல் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வயதானவர் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கடலை நோக்கி நீந்துகிறவர்கள்போல் தெரிந்தார்கள். கடைசிப் பெட்டியும் போய், கரும்புத் தோட்டத்துக்குள் சத்தம் தேய்ந்து, தண்டவாளம் மறுபடி வெறும் தண்டவாளமாகக் கிடந்தது.

அவர் லீவரைத் திரும்பத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"இல்ல," என்றார்.

நர்கிஸ் படியிறங்கிப் போனாள்.

வீட்டில் சுஹைர் அங்கியின் கடைசி மடிப்பைத் தைத்து முடித்திருந்தாள். அம்மா உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அங்கியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உன் அப்பா கடலைப் பார்த்திருக்கிறாராம் என்று நர்கிஸ் சொன்னாள். சுஹைருக்கு முதலில் சிரிப்பு வந்தது. நாற்பது நாள் என்றதும் சிரிப்பு நின்றது. கடைசியாகக் கேட்ட கேள்வியையும், ரயிலுக்குப் பிறகு கிடைத்த பதிலையும் நர்கிஸ் மகளிடம் சொல்லவில்லை.

அஸ்வானுக்குப் போய்விட்டால் நினைத்துக்கொள்ள இந்தப் பத்து நாள்தான் என்று சுஹைரும் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அம்மா நடுவில் உட்காருவாள், தான் இடப்பக்கம், அப்பா வலப்பக்கம். அந்தப் படத்தில் இப்போது வலப்பக்கம் மங்கலாகிக்கொண்டு வந்தது.

"அப்போ நாம போகலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போகலன்னு யாரு சொன்னா?" நர்கிஸ் அங்கியை எடுத்து உடம்போடு வைத்துப் பார்த்தாள். "இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடு. மூச்சு விட இடம் வேணும்."

அன்று பிற்பகல் முழுக்க அவள் மூட்டை கட்டினாள். ஸ்டவ், இரண்டு பாய், அரிசி, நெய், உலர்ந்த மூலுகிய்யா. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். எதைப் பார்க்கிறாள் என்று சுஹைருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் சுவரைப் பார்க்கிற பார்வை இல்லை. கோபத்திலும் அந்தப் பழைய கனவு அவளை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து வேறு பக்கமாக உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மாலைத் தொழுகைக்குப் பிறகு ஹிஷ்மத் வந்தார். இரண்டு சாப்பாட்டுப் பாத்திரமும் கையில் இருந்தன. இரண்டும் காலி. பிற்பகல் முழுக்க ஜன்னல் விளிம்பில் இருந்த சாப்பாட்டைத் திரும்பியே பார்க்கவில்லை என்றும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தின்றுவிட்டதாகவும் மகளிடம் சொன்னார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பாயில் உட்கார்ந்து, பாஸை ரத்து செய்துவிடட்டுமா, அல்லது நீங்கள் இரண்டு பேரும் போய் வருகிறீர்களா, எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்றார்.

நர்கிஸ் மூட்டைக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"மூணு பேரும்தான் போறோம்," என்றாள். "ஆனா நானும் சுஹைரும் வியாழக்கிழமை போறோம். நீங்க வெள்ளிக்கிழமை வண்டிக்கு வாங்க. நாளைக்கு ஆபீஸ்ல பாஸை ரெண்டா எழுதி வாங்கிடுங்க."

ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"நான் மொதல்ல பார்க்கறப்ப, பக்கத்துல நிக்கறவங்களும் மொதல்ல பார்க்கறவங்களா இருக்கணும். சுஹைர் போதும். முன்னாடியே பார்த்தவரு நின்னா கடலைப் பார்க்க மாட்டாரு. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிப்பாரு."

ஹிஷ்மத் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

"அந்த முகத்தைப் பார்க்கத்தான் நர்கிஸ், நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்."

"தெரியும்," என்றாள் அவள். "அதனாலதான்."

சுஹைர் இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இருந்தாள். அப்பாவைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

ஹிஷ்மத் தலையசைத்தார். அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்த நர்கிஸுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து லீவு எழுதியாயிற்றே, அன்று முழுக்க இந்த வீட்டில் தனியாக என்ன செய்வது என்று மட்டும் கேட்டார்.

"மர்த்தா வீட்டுக்குப் போங்க. கடலைப் பத்திக் கதைகதையா சொல்லுவா. ஒண்ணும் தெரியாதவர் மாதிரி கேட்டுக்கிட்டு உட்காருங்க, உங்களுக்குத்தான் நல்லா வருமே."

சுஹைருக்கு இந்தத் தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹிஷ்மத்தின் உதட்டோரமும் அசைந்தது. ஆனால் அவர் அதோடு எழுந்து போகவில்லை. மகள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு நர்கிஸை நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ படியில நின்னு கேட்டியே. அதுல ஒண்ணு சொல்லணும். நீ அங்க போறதுக்கு முன்னாடியே சொல்லிடறது நல்லது."

நர்கிஸின் கை முடிச்சின் மேல் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் குற்றம் இருந்ததா, பயம் இருந்ததா, அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது கேட்டுவிட்டால் வியாழக்கிழமை ரயிலில் அந்த நாற்பது மாலையும் அவரோடு போனவளும் தன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று மட்டும் தெரிந்தது. பத்து நாளில் ஒரு நாளாவது அவளுக்கு முழுசாக வேண்டும்.

"வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க. அதுக்குள்ள நான் பார்த்து முடிச்சிருப்பேன். கடலுக்கு முன்னால உட்கார்ந்து கேட்டா, எதுவா இருந்தாலும் தாங்கிக்கலாம்னு தோணுது."

ஹிஷ்மத் எழுந்தார். வாசல்வரை போய்விட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவு நீளக் கரை அது. கோடைக்கூட்டம் வேற. நான் வந்து உங்களை எங்கேன்னு தேடுவேன்?"

நர்கிஸ் மூட்டையைச் சுவரோரமாகத் தள்ளினாள்.

"உங்களுக்குத்தான் அந்த ஊர் தெரியுமே," என்றாள்.